கடைசி வண்டியும் வந்து சேர வேண்டும்

(அறப்பணிக்காகக் கூட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு ஒரு பாடம்)

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் பழக்கமான காரியம். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கவனமாக இல்லையென்றால் தேர் ஒழுங்காக நிலைக்கு வந்து சேராது. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதற்காக நகரங்களில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பயணங்களும் ஒரு வகையில் தேர் இழுப்பதுதான். அவற்றில் சேர விரும்பும் நம் சங்கத்து இளைஞர்களுக்கும், "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இக்கட்டுரையை எழுதுகிறேன். ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில் கற்ற சில விதிகள் இரண்டு சக்கர வண்டிக்கும் அப்படியே பொருந்துகின்றன. அவற்றையே இங்கே பாடமாக வைக்கிறேன்.

கோட்டு சூட்டில் ஒரு பயணம்

இவ்வகைப் பயணங்களில் இன்று உலகெங்கும் பெயர் பெற்றது 'டிஸ்டிங்விஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு' என்பதாகும். 2012-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மார்க் ஹவ்வா என்பவர் இதைத் தொடங்கினார். 'மேட் மென்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் சூட்டு அணிந்து பழைய மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருக்கும் ஒரு புகைப்படமே அவருக்குத் தூண்டுகோல். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் முரடர்கள் என்ற எண்ணத்தை மாற்றவேண்டும் என்பதும் அவருடைய நோக்கமாக இருந்தது. முதல் ஆண்டே 64 நகரங்களில் 2,500 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு 145 நகரங்களில் 11,000 பேருக்கு மேல் ஓட்டி, புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 2,77,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். பின்னர் ஆண்களின் மனநலமும் இதன் நோக்கத்தில் சேர்ந்தது. திரளும் நிதி, 2003-இல் மெல்போர்ன் நகரில் தோன்றிய 'மொவெம்பர்' என்ற அமைப்பின் வழியாகச் செலவிடப்படுகிறது. நம் நாட்டில் டில்லி, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட பல நகரங்களில் இப்பயணம் நடக்கிறது. முன்பு செப்டம்பரில் நடந்தது, 2021 முதல் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் நடந்து வருகிறது.

பெட்ரோல் பணத்தை நேரே கொடுத்தால் என்ன?

பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது கி.மீ. பயணத்துக்கு ஒரு வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய நூறு ரூபாய், என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் வந்தால் பத்தாயிரம் ரூபாய். ஓட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்தால் அந்தப் பத்தாயிரமும் புகையாகப் போனதுதான். ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பத்துப் பேரிடம் ஆளுக்கு இருநூறு ரூபாய் கேட்டு வாங்கினால், நூறு பேர் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய் திரட்டுவார்கள். எனவே பயணம் என்பது காரணம்தான். கேட்பதுதான் காரியம். கேட்கக் கூச்சப்படுகிறவர் இப்பயணத்தில் பாதி வேலையை விட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

உள்ளூர் அமைப்பு ஒன்றுக்காக நடக்கும் பயணம் என்றால், அது பதிவு பெற்ற அமைப்பா, ரசீது தருகிறதா, கணக்கு வெளியிடுகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பழைய சொல்.

இடைவெளி என்னும் இலக்கணம்

இனி சாலைக்கு வருவோம். ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்து ரயில்களை விடும்போது, பாதையை 'பிளாக் செக்ஷன்' என்று துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்வரை சாதாரணமாக அடுத்த வண்டிக்கு அனுமதி இல்லை. இரண்டு ரயில்களைக் காப்பாற்றுவது அவற்றுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான். மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கும் இதுவே விதி.

ஒரு வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். அதன்பின் நல்ல பிரேக், உலர்ந்த சாலை என்றால் விநாடிக்கு விநாடி ஆறு மீட்டர் வீதம் வேகம் குறையும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பிரேக்கைத் தொடுமுன் 11 மீட்டர், தொட்டபின் 10 மீட்டர், ஆக 21 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் 17-ம் 23-ம் சேர்ந்து 40 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் 22-ம் 41-ம் சேர்ந்து 63 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது என்பதை இந்த எண்களிலிருந்தே காணலாம். மழையில் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் பிரேக் தூரம் இரட்டிக்கும்.

இதற்காக எவரும் டேப் எடுத்து அளக்க வேண்டியதில்லை. முன்னே போகிறவர் ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்குமுன் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் இது 33 மீட்டர்.

கூட்டமாகப் போகும்போது ஏறுமாறான வரிசை நல்லது. நாம் இடப்புறம் ஓட்டுகிறவர்கள். ஆகவே தலைவர் தன் தடத்தின் வலப்பகுதியில் போவார். இரண்டாமவர் ஒரு விநாடி பின்னால் தடத்தின் இடப்பகுதியில், மூன்றாமவர் மறுபடி வலப்பகுதியில் என்று அமைய வேண்டும். ஒவ்வொருவருக்கும் பக்கவாட்டில் ஒதுங்க இடம் இருக்கும். வளைவிலும் குறுகிய சாலையிலும் ஒற்றை வரிசையாக மாறிவிட வேண்டும். பேசிக்கொண்டு இணையாக ஓட்டுவது கூடவே கூடாது. பள்ளம் வந்தால் விலக வழியிருக்காது. வேறு வண்டியை முந்தும்போதும் ஒருவர் பின் ஒருவராக, தாமே பார்த்து முந்த வேண்டும். "முன்னவர் போனார், நானும் போனேன்" என்பது சாலையில் செல்லாத வாதம்.

பின்னால் இருப்பவனின் கவலை

கூட்டப் பயணத்தில் பெரும்பாலும் தவறு நேர்வது பின்வரிசையில். அதன் காரணத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். இருபது வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விநாடி. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் 19 விநாடி. 40 கி.மீ. வேகத்தில் வரிசையின் நீளம் ஏறக்குறைய 211 மீட்டர். தலைவர் வேகத்தை 60-க்கு உயர்த்துகிறார். அதே 19 விநாடிக்கு இப்போது 317 மீட்டர் ஆகிறது. இடைவெளி விநாடிக் கணக்கில் மாறவில்லை. ஆனால் கடைசியில் இருக்கும் தம்பியின் கண்ணுக்கு, முன்னால் போகிறவர்கள் நூறு மீட்டர் விலகிப் போய்விட்டார்கள். "விட்டுவிட்டுப் போகிறார்களே" என்று பதறி 80-ல் பிடிக்கப் பார்க்கிறார். அந்த நேரத்தில் முன்னால் சிவப்பு விளக்கு விழுகிறது. வரிசை சுருங்குகிறது. விபத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே தயார்.

இடைவெளி கூடுவது பிழையல்ல, அதுவே சரியான அளவு என்று புறப்படும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அத்துடன் மூன்று ஏற்பாடுகள் தேவை.

ஒன்று: ஐந்து முதல் ஏழு வண்டிகளுக்கு ஒரு சிறு குழு. ஆறு வண்டிகள் என்றால் 40 கி.மீ. வேகத்தில் வரிசை 56 மீட்டர்தான். ஒரே பச்சை விளக்கில் கடந்துவிடலாம்.

இரண்டு: புதியவர்கள் தலைவருக்கு அடுத்து வரவேண்டும். நன்கு பழகியவர், முதலுதவிப் பெட்டியுடன் கடைசியில் வரவேண்டும். ரயிலில் கார்டு செய்யும் வேலை இது (2022 முதல் அவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர்). ஒரு ரயில் நிலையத்தைக் கடக்கும்போது ஊழியர்கள் எஞ்சினைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' பலகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால்தான் வண்டி முழுதாக வந்தது, நடுவில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று பொருள். அறப்பயணத்திலும் தலைவர் சேருமிடத்தை அடைந்ததும் பயணம் முடிந்ததாகாது. கடைசியாளைக் கண்ட பிறகே முடிந்தது.

மூன்று: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் மெல்லக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்ட வேண்டும். சிக்னலில் பிரிந்தால் பிரியட்டும். ராஜதானி எக்ஸ்பிரஸும் சிவப்பு விளக்குக்கு நின்றுதான் ஆக வேண்டும். வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பிரிவதில் பயமில்லை. நாற்சந்தியில் நாமே மற்ற வண்டிகளை மறிப்பது தவறு. போக்குவரத்தை நிறுத்துவது போலீசாரின் வேலை. அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது நடத்துகிறவர்களின் கடமை.

புறப்படுமுன் ஒரு சான்றிதழ்

ரயில் புறப்படுமுன் 'பிரேக் பவர் சர்டிபிகேட்' வேண்டும். நீங்களும் முதல் நாள் மாலையே டயர் காற்று, பிரேக், செயின், விளக்கு, எஞ்சின் ஆயில் ஆகியவற்றைப் பார்த்து உங்களுக்கு நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளுங்கள்.

இப்பயணத்தில் பழைய வண்டிகளுக்கு மதிப்பு அதிகம். 1955 முதல் நம் திருவொற்றியூரோடு தொடர்புடைய புல்லட்டும், மைசூரில் உருவான ஜாவாவும் அணிவகுத்து வரும். பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். மாமாவிடம் அன்று காலைதான் இரவல் வாங்கி ஓட்டினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்க நேரிடும். ஒரு வாரமாவது பழகிக்கொள்ளுங்கள். மேலும், 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். பழைய வண்டியில் டிரம் பிரேக். இரண்டும் ஒரே தூரத்தில் நிற்காது. பழைய வண்டிக்காரர் இரண்டு விநாடிக்குப் பதில் மூன்று விநாடி விட்டு ஓட்டட்டும். குழுவின் வேகத்தை நிர்ணயிப்பது மிக நல்ல எஞ்சின் அல்ல, மிக மோசமான பிரேக்.

சூட்டு காப்பாற்றாது

அழகாக உடுத்தி வருவது இப்பயணத்தின் அடையாளம். நல்லதே. ஆனால் தார்ச்சாலை உராய்வுக்குக் கோட்டுத் துணி தாங்காது. உள்ளே பாதுகாப்பு ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். டையைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். தமிழ் உடையில் வர ஆசைப்பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வருவது வேண்டாம். துப்பட்டாவும் அப்படியே. செயினும் சக்கரமும் துணியை இழுத்தால் ஆளையும் இழுக்கும். வேட்டியைச் சேருமிடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட், பட்டையைப் பூட்டிய நிலையில், பின்னால் அமர்பவருக்கும் சேர்த்து அவசியம். 2022-ஆம் ஆண்டு நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம் பேர். உயிர் காக்க நிதி திரட்டப் போய் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது என்ன தர்மம்?

மே மாதத்து டில்லியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். விடியற்காலையில் புறப்பட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் ஓரங்கட்டுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால் எல்லோரும் ஓடிச் சூழ வேண்டாம். ஒருவர் பின்வரும் வண்டிகளை எச்சரிக்கட்டும், ஒருவர் 112-ஐ அழைக்கட்டும், ஒருவர் அடிபட்டவருடன் இருக்கட்டும். கழுத்தை அசைக்காதீர்கள். மூச்சுக்குத் தடையில்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். நல்லெண்ணத்துடன் உதவுகிறவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

எதற்காக ஓட்டுகிறோம்?

இதை மறந்தால் மேலே சொன்னதெல்லாம் வெறும் ஓட்டுநர் பாடம். புராஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உள்ளது. அதில் தோன்றும் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஐம்பது வயதானவர்கள், தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் நாற்பத்தைந்திலேயே, பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். என் வயதுக்காரர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிறுநீர் உபாதையை வயதின் மேல் போடுவோம். மனச்சோர்வை வேலையின் மேல் போடுவோம். நன்கொடை கேட்டு வரும் பையன், "அப்பா, நீங்கள் டாக்டரிடம் கேட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால், அது அவன் திரட்டும் பணத்தைவிடப் பெரிது. மனம் தளர்ந்தவர்களுக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை 14416 என்ற எண்ணில் உண்டு. தமிழிலும் பேசலாம்.

பயிற்சி

1. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி எத்தனை மீட்டர்?

2. ஏழு வண்டிகள், அடுத்தடுத்த வண்டிகளுக்கு நடுவே ஒரு விநாடி, வேகம் 36 கி.மீ. வரிசையின் நீளம் என்ன?

3. 60 கி.மீ. வேகத்தில், மழையில் பிடிப்பு பாதியானால் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

விடைகள்: (1) ஏறக்குறைய 28 மீட்டர். (2) வண்டிகளின் நீளம் நீங்கலாக 60 மீட்டர். (3) 17-ம் 46-ம் சேர்ந்து 63 மீட்டர். அதாவது உலர்ந்த சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஓட்டியதற்குச் சமம்.

மூன்றாவது விடையைப் பிள்ளைகள் தாமே போட்டுப் பார்க்கட்டும். போட்டுப் பார்த்த பிறகு, அனுமதி கேட்டு வரும் பிள்ளையைத் தாராளமாக அனுப்பி வையுங்கள்.