குப்பை வரும் வழி

கடற்கரையைத் துப்புரவு செய்யும் பணிக்கு நம் மாணவர் பலர் ஆர்வத்துடன் முன்வருகின்றனர். ஆயினும், அள்ளிய இடத்திலேயே மறுவாரம் குப்பை குவிந்திருப்பதைக் கண்டு சிலர் மனம் சோர்கின்றனர். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்கின்றனர். நல்ல கேள்வி. அறிவியல் பயில்வோன் என்ற முறையில் இதற்கு விடை காண முயல்கிறேன்.

முதலில் வர்சோவாவைக் காண்போம். மும்பையின் மேற்குப் புறநகரில், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் கடற்கரை அது. 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்னும் இளம் வழக்கறிஞரும், எண்பது வயது கடந்த அவருடைய அண்டை வீட்டாரும் அங்கே குப்பை அள்ளத் தொடங்கினர். இருவரே தொடங்கிய பணியில் மீனவரும் மாணவரும் இல்லத்தரசியரும் வாரந்தோறும் வந்து சேர்ந்தனர். 2016இல் ஐக்கிய நாடுகள் அவை அவருக்கு உயரிய சுற்றுச்சூழல் விருதளித்தது. 2018 மார்ச்சில், பல்லாண்டுகளுக்குப் பின், அக்கரையின் மணலிலிருந்து ஆமைக் குஞ்சுகள் வெளிவந்து கடல் நோக்கிச் சென்றன.

அள்ளிய குப்பை மீண்டும் வருவது ஏன்? பாலித்தீன் கடல்நீரைவிட இலேசானது. ஒரு கன சென்டிமீட்டர் பாலித்தீன் 0.91 முதல் 0.97 கிராம் வரை எடையுள்ளது, கடல்நீரோ 1.02 கிராமுக்கு மேல். ஆகவே அது மிதக்கிறது. நாளொன்றுக்கு இருமுறை பொங்கும் ஓதம் அதைக் கரையில் ஒதுக்குகிறது. அங்கே வெயில் பட்டு அது நொறுங்குகிறது, ஆனால் மட்குவதில்லை. ஐந்து மில்லிமீட்டரினும் சிறிய துணுக்குகளாகி, மீனின் வயிற்றை அடைகிறது. அதன்பின் எந்தக் கையாலும் அதைப் பொறுக்க இயலாது. முழுப் பையாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அந்தக் கேடு நேர்வதில்லை. எனவே, அள்ளுவது வீணன்று.

ஆனால், அள்ளுவது மட்டும் போதுமா? கரையில் கிடப்பதெல்லாம் கரையில் எறியப்பட்டதன்று. விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரால் உண்டாகும் மித்தி ஆறு, குர்லாவையும் தாராவியையும் கடந்து மாகிமில் கடலை அடைகிறது. நம் தெருச் சாக்கடையில் விழும் பை அவ்வழியே செல்கிறது. உல்லாஸ்நகரில் கடலில்லை, எனினும் அவ்வூரின் நடுவே ஓடும் வால்துனி ஆறு, உல்லாஸ் ஆற்றில் கலந்து, கழிகளின் வழியே கடலைச் சேர்கிறது. போகாது அடைபட்டாலோ, வெள்ளம் நம் வீட்டுக்கே வரும். 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது மித்திக் கரையினர் பட்ட துன்பத்தைத் தாராவிப் பெரியோரிடம் கேட்டறியலாம். வர்சோவாவில் தொடங்கிய அப்ரோஸ் ஷாவும் பின்னர் மித்தி ஆற்றையே தூய்மை செய்யப் புகுந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நண்பர்களே! ஒரு ஞாயிறு கடற்கரைக்குச் செல்வோம்; மறு ஞாயிறு நம் தெருவின் சாக்கடை ஓரத்தில் நிற்போம். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்கத் தாய்மார்க்குத் துணைசெய்வோம். கடற்கரையில் பணிசெய்தால் பலர் காண்பர். சாக்கடை ஓரத்தில் எவரும் காணார். ஆயினும், கடலின் தூய்மை தொடங்கும் இடம் அதுவே.