சாமையும் அதன் குட்டிகளும்

போன தடவை இதே இடத்தில் காவலூர் தொலைநோக்கியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வானத்தை விட்டுவிட்டு நம்ம விடுதி விறகுக் கொட்டகைக்கு வந்துவிட்டேன். அங்கே இருக்கிற சாமையை எல்லோருக்கும் தெரியும். சாமை அரிசி நிறத்தில் இருப்பதால் யாரோ ஒரு அண்ணன் வைத்த பெயர். அந்த அண்ணன் பள்ளியை விட்டுப் போய்விட்டார், பெயர் நின்றுவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவனைச் சாமை கடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குட்டியைத் தூக்கப் போனான், கடித்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் விடுதியில் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. அடித்துக் கொன்றுவிடணும் என்று சிலர், பஸ்ஸில் ஏற்றிப் போளூரில் விட்டுவிடலாம் என்று சிலர், பாவம் விட்டுவிடுங்கள் என்று சிலர். அறிவியல் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “பேசினது போதும், இந்த மாதிரி நாய்களை மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று படித்து எழுதிக் கொண்டுவா” என்றார். அதுதான் இந்தக் கட்டுரை.

எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடணும். போன வருஷம் சாமை போட்ட குட்டிகளில் மூன்றை உரச் சாக்கில் போட்டு ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் விட்டுவிட்டு வந்தது நானும் இன்னொருவனும்தான். கண் திறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. டீக்கடைக்குப் பின்னால் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, ‘நல்ல இடம், சோறு கிடைக்கும்’ என்று பேசிக்கொண்டே திரும்பி நடந்தோம். காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அடுத்த வாரம் அதே வழியில் போனபோது ரோட்டோரமாக ஒன்று செத்துக் கிடந்தது. மற்ற இரண்டையும் நான் பார்க்கவில்லை.

இனி பாடத்துக்கு வருகிறேன்.

நம் மாநிலத்தில் தெரு விலங்குகளுக்காக நடக்கும் தொண்டு நிறுவனங்களில் அதிகம் பேருக்குத் தெரிந்தது சென்னையில் உள்ள புளூ கிராஸ். அதைத் தொடங்கியவர் கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். 1951-ல் இவர்கள் இரண்டு பேரும் ஒரு சிறிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். (நமக்கு இங்கிருந்து திருவண்ணாமலை போய்வரவே ஒரு நாள் போய்விடுகிறது!) 1959-ல் சென்னையில் நல்ல மழை. தி.நகர் தெருவில் ஓடிய வெள்ளத்தில் நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைக் கேப்டன் பார்த்தார். எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான் ஆரம்பம். அடிபட்டது, நோய் வந்தது என்று ஒவ்வொன்றாக வர, வீடே விலங்குகள் காப்பகமாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். மகன் சின்னி கிருஷ்ணா பிறகு அந்த நிறுவனத்தை நடத்தும் பொறுப்புக்கே வந்தார். இன்று கிண்டியில் வேளச்சேரி சாலையில் அதன் காப்பகமும் மருத்துவமனையும் இருக்கின்றன. நாய் மட்டும் இல்லை, வண்டியில் அடிபட்ட மாடு, பூனை, குதிரை எல்லாமே வரும்.

இது வரைக்கும் படித்தபோது, நான் பண்ணினதும் இதுதானே, குட்டியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தேன், அவரும் அதைத்தான் செய்தார் என்று தோன்றியது. மேலே படிக்கப் படிக்கத்தான் வித்தியாசம் புரிந்தது. அவர் தூக்கினதோடு விடவில்லை. தூக்கின பிறகு வருகிற வேலைதான் பெரிய வேலை.

சென்னை மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்தது 1860-ல். அப்போது சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு நாய் என்று இருந்ததாம். 1990-களின் நடுவில் அது ஒரு நாளைக்கு 135 வரை போய்விட்டது. இது புளூ கிராஸ் சொல்கிற கணக்கு. நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை, கொல்ல வேண்டிய எண்ணிக்கைதான் ஏறியிருக்கிறது. நான் கணக்கில் கொஞ்சம் மட்டம், ஆனால் இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது.

ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் நாய் இருக்கிறது என்றால் அங்கே அதற்குத் தீனி இருக்கிறது என்று அர்த்தம். இருக்கிற நாய்களைப் பிடித்துக்கொண்டு போனால் தீனி அப்படியே கிடக்கும். பக்கத்துத் தெரு நாய் அந்த இடத்துக்கு வரும். வந்ததும் குட்டி போடும். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்தான், வருஷத்துக்கு இரண்டு தடவை ஈனலாம், ஒரு தடவைக்கு நாலு, ஐந்து, ஆறு குட்டி. புதிதாக வந்த நாய்க்குத் தடுப்பூசியும் போட்டிருக்காது.

அதனால் புளூ கிராஸ் 1964-லேயே வேறு வழியைச் சொன்னது. நாயைப் பிடி, கருத்தடை அறுவை சிகிச்சை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, காயம் ஆறும் வரை வைத்திருந்து பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடு. அந்த நாய் தன் இடத்தில் வெளி நாயைச் சேர்க்காது. தானும் குட்டி போடாது. வெறிநோயும் பரப்பாது. சொன்னதென்னவோ 1964-ல், மாநகராட்சி கேட்டதோ 1996-ல். இடையில் 32 வருஷம்! பிறகு 2001-ல் இதையே மத்திய அரசு நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்து, ‘இது ஆடா நாயா’ என்று சிரிக்க வேண்டாம். காதை மட்டும் பாருங்கள். காது நுனியில் சின்னதாக வெட்டியிருக்கிறது அல்லவா? அதுதான் அடையாளம். அப்படி வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை செய்து தடுப்பூசியும் போட்டாயிற்று. மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிவிடுவதால் அதற்கு அப்போது வலி தெரியாது. திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் கிரிவலப் பாதையில் படுத்திருக்கும் நாய்களின் காதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அங்கே செங்கம் சாலைப் பக்கம் 2007-ல் தொடங்கிய அருணாசலா விலங்குகள் சரணாலயம் என்ற காப்பகம் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. அந்த ஊருக்கு விலங்குப் பாசம் புதிதும் இல்லை. ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசு 1948-ல் இறந்தபோது சமாதியே கட்டினார்கள். பக்கத்தில் மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளும் உண்டு.

சரி, எல்லா நாயையும் காப்பகத்திலேயே வைத்துக்கொண்டால் என்ன? நானும் இதைத்தான் ஆசிரியரிடம் கேட்டேன். முதல் காரணம் இடம். இரண்டாவது காரணம் நோய். தடுப்பூசி போடாத குட்டிகளை ஒரே இடத்தில் நெருக்கி வைத்தால் பார்வோ என்ற கழிச்சல் நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வரிசையாக எடுத்துவிடும். அதனால் நல்ல காப்பகத்தில் புதிதாக வந்ததைத் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பார்கள். கால் இழந்தது, கண் தெரியாதது, கிழடு ஆகியவைதான் நிரந்தரமாகத் தங்கும். குணமானது தன் தெருவுக்குத் திரும்பும். குட்டிகளுக்கு வீடு தேடுவார்கள். குட்டிக்குக் காப்பகத்தைவிட வீடு நல்லது, வீட்டைவிடத் தாயின் மடி நல்லது, அதுவும் முதல் இரண்டு மாதம். 2023 விதிகளில் இதுவே இருக்கிறது: ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கருத்தடைக்குப் பிடிக்கக் கூடாது, பால் கொடுக்கும் தாயைக் குட்டிகள் பால் மறக்கும் வரை பிடிக்கக் கூடாது. இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு முதலில் மாநிலங்களவையில் தனி மசோதா கொண்டுவந்தவர் கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி. அதை ஏற்றுக்கொண்டுதான் நேரு அரசு பிறகு தானே சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நடனம் ஆடுகிறவர் என்று மட்டும்தான் நம் புத்தகத்தில் படித்திருக்கிறோம்.

இப்போது தம்பியின் கடிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கடித்த உடனே அவன் அழுதுகொண்டே பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனான். அங்கே பாட்டி காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பிவிட்டார். பாட்டி கெட்டது நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அது தப்பு. வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவணும். பதினைந்து நிமிடம் என்றால் ஒரு பாடவேளையில் மூன்றில் ஒரு பங்கு, சும்மா கையை நனைப்பது இல்லை. கட்டுப் போடக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும். ஊசி இலவசம். கடித்து எத்தனை நாள் ஆனாலும் போய்ப் போட்டுக்கொள்ளணும். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று நாலு தடவை, தொப்புளைச் சுற்றி இல்லை, கையில்தான். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள். நோய் அறிகுறி வந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

முதன்முதலில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு பிழைத்தவன் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையன். 1885-ல் பாரிசில் லூயி பாஸ்டர் போட வைத்தார். நம்ம தம்பியைவிட இரண்டு வயது சின்னவன். நம் நாட்டில் இந்த மருந்துக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது. அதுவும் நம்மைப் போல ஒரு மலை ஊர்தான்.

தம்பி நாலு ஊசியும் போட்டு முடித்துவிட்டான். மூன்றாவது ஊசிக்குப் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டதை நான் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன், மன்னிக்கணும். சாமையைப் பத்து நாள் கொட்டகையிலேயே கட்டிவைத்துப் பார்த்தோம். கடித்த நாய் பத்து நாள் ஆரோக்கியமாக இருந்தால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். (அதற்காகப் பத்து நாள் காத்திருந்து ஊசிக்குப் போகக் கூடாது. ஊசி முதல் நாளே.) சாமை நன்றாகச் சாப்பிட்டது. குட்டியைத் தொடப் போனதால் கடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

அதற்காகச் சாமை இங்கேயே இருக்கலாமா? இருக்கக் கூடாது என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கிறது. சாமை வேண்டும் என்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களில் உள்ள தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்கணும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ல் உத்தரவு போட்டது. ஆசிரியர் அந்தச் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டினார். பிடித்த இடத்திலேயே விடு என்பதற்கு இது மாறாக இருக்கிறதே என்று நாங்கள் ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை போட்டோம். தெரு வேறு, ஆறு வயதுப் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் வேறு என்று எனக்குப் படுகிறது. தம்பியின் கையைக் கழுவிவிட்டது நான்தான்.

ஆனால் சாமை போனால் மட்டும் போதாது. சமையல் கூடத்துக்குப் பின்னால் நாம் மிச்சச் சோறு கொட்டுகிற பள்ளத்தைப் பாருங்கள். அது திறந்து கிடக்கும் வரை சாமை போனால் இன்னொரு நாய் வரும். சென்னையில் 1860-லிருந்து நடந்த கதை நம்ம பள்ளத்திலும் நடக்கும். பள்ளத்துக்கு மூடி போடத் தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். சோற்றை மிச்சம் வைக்காமல் இருக்க யார் ஒத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

சமையல் ஆயா சாமையைத் தன் கொல்லைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் ஆடு இருக்கிறது, காவலுக்கு ஆகும். கால்நடை மருத்துவர் ஐயா வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட்டார். கருத்தடைக்கு மட்டும் மலையை விட்டு இறங்கித் திருவண்ணாமலைக்குத்தான் கொண்டுபோகணும் என்றார். குட்டிகள் பால் மறந்துவிட்டன, இப்போது போகலாம். நாலு குட்டிகளில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. மற்ற இரண்டும், வெள்ளைக் கால் உள்ளது ஒன்றும் முழுச் செவலை ஒன்றும், இருக்கின்றன. வாங்கிப் போகிறவர்கள் மூன்று மாதம் ஆனதும் தடுப்பூசி போடுவோம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போகணும். கடைத்தெருவில் விடுவதற்காகக் கேட்காதீர்கள்.

சாமையை வேனில் ஏற்றிக்கொண்டு போக ஆசிரியருடன் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். வாய்க்கட்டுக்குப் பழைய துணியும், படுக்க ஒரு சாக்கும் கொண்டுவருகிறேன். இன்னொருவர் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கவும். வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுக்கவும்.

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவன்