புதுப்பித்த பின் கணினி மந்தமானால்...



இடம்பெயர்ந்து வாழ்ந்த எமது மக்களுக்கு ஒரு தாளின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வெளியேறிய பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் எடுக்க நேரமிருக்கவில்லை. திரும்பி வரும் நாளிலோ முதலில் கேட்கப்படுவது அத்தாட்சிதான். அதனால்தான் இன்று சில கிராமங்களில் உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்துச் சங்கத்தின் கணினியில் சேமித்து வைக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அந்தக் கணினி பழுதானால்?

அண்மையில் ஒரு விவசாய சங்கத்துக்குப் போயிருந்தேன். செயலாளரான தங்கச்சி கவலையோடு சொன்னார்: "பாதர், அப்டேற் வந்த நாளிலிருந்து இது அசையுதில்லை. ஒரு கடிதம் திறக்கப் பத்து நிமிசம் ஆகுது. பட்டினத்தில ஒரு கடையில காட்டினம். போமற் பண்ண வேணும், இல்லாட்டி புதுசு வாங்குங்கோ எண்டு சொல்லுறாங்கள்." போமற் செய்தால் உள்ளே உள்ள பத்திரங்கள் என்னவாகும் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. எல்லாம் அழிந்துவிடும் என்பதே உண்மை. அன்று அவரோடு இருந்து செய்தவற்றையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

1. முதலில் பத்திரங்களைக் காப்பாற்றுங்கள்

எந்தப் பழுதுபார்ப்புக்கும் முன் பத்திரங்கள் அனைத்தையும் இரண்டு பென் டிறைவ்களில் பிரதி எடுங்கள். ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். மற்றது வேறொரு வீட்டில் இருக்கட்டும். விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில் நாம் வைப்பதில்லை அல்லவா? பிரதி எடுத்த பின் பென் டிறைவைத் திறந்து, படங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

2. மந்தமானது கணினியா, இணையமா?

இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணினியில் உள்ள ஒரு கடிதத்தைத் திறந்து பாருங்கள். உடனே திறந்தால் கணினியில் குறையில்லை, இணைப்பில்தான் குறை. கைத்தொலைபேசி வழியாக இணையம் எடுக்கும் இடங்களில், அப்டேற் இறங்கிக்கொண்டிருக்கும்போது மற்ற எல்லாம் மந்தமாகும். இணைப்பு இல்லாமலும் கடிதம் திறக்கச் சுணங்கினால், அடுத்த படிக்குப் போங்கள்.

3. ஓரிரு நாள் பொறுத்திருங்கள்

பெரிய புதுப்பித்தலுக்குப் பின் கணினி உள்ளுக்குள் பல வேலைகளைச் செய்கிறது. கோப்புகளின் அட்டவணையைப் புதிதாக எழுதுகிறது, வைரஸ் சோதனை நடத்துகிறது, மிச்சமுள்ள அப்டேற்களை இறக்குகிறது. வாய்க்கால் துப்பரவு செய்யும் நாளில் வயலுக்குத் தண்ணீர் குறைவாகத்தான் வரும். மதகு உடைந்துவிட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டுவதில்லை. கணினியை மின்சாரத்தில் சில மணி நேரம் இயங்க விடுங்கள். பிறகு 'றீஸ்ரார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் போடுவது போதாது. அநேகமான விண்டோஸ் கணினிகள் அப்போது விரைவாக எழும்புவதற்காகப் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கின்றன. றீஸ்ரார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

4. எங்கே அடைபட்டிருக்கிறது?

கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்கால் வழியே நடந்து பார்ப்போம். கணினியிலும் அப்படித்தான். கொன்ட்றோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' என்ற பலகை வரும். அதில் மூன்று நிரல்களைக் கவனியுங்கள். சி.பி.யூ. என்பது வேலை செய்யும் மூளை. மெமரி என்பது வேலை செய்யும் மேசை. டிஸ்க் என்பது களஞ்சியம். எது நெடுநேரம் 100 வீதத்தை ஒட்டி நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. அந்த நிரலின் தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் இழுக்கும் நிரல் எது என்பது மேலே வரும்.

5. தேவையற்றதை நிறுத்துங்கள்

அதே பலகையில் 'ஸ்ரார்ட்டப்' என்ற பகுதி உண்டு. கணினி எழும்பும்போது தாமாகவே எழும்பும் நிரல்கள் அங்கே இருக்கும். தேவையற்றவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். இதனால் அவை அழிவதில்லை, வேண்டும்போது திறக்கலாம். வைரஸ் பாதுகாப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். இரண்டு வைரஸ் காவல் நிரல்கள் இருந்தால் ஒன்றை அகற்றுங்கள். ஒரு படலைக்கு இரண்டு காவலாளிகள் நின்று ஒருவரையொருவர் சோதித்தால் வேலை நடக்காது.

6. களஞ்சியத்தில் இடம் உண்டா?

பெரிய பதிப்பு மாற்றத்தின்போது விண்டோஸ் தனது பழைய பதிப்பையும் வைத்திருக்கும். புதியது ஒத்துவராவிட்டால் 10 நாட்களுக்குள் 'செற்றிங்ஸ்' வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். அந்த நாட்கள் கடந்ததும் திரும்பும் வழி மூடப்படும். ஆகவே புதியது சரியாக இயங்குகிறது என்று உறுதியான பின்பே, 'ஸ்ரோரேஜ்' பகுதியில் பழைய பதிப்பையும் தற்காலிகக் கோப்புகளையும் அகற்றுங்கள். சி டிறைவ் நிரம்பி வழிந்தால் எந்தக் கணினியும் திணறும்.

7. மாட்டின் வலுவுக்கேற்ற சுமை

விண்டோஸ் 11, 2021ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்தது. அதற்குக் குறைந்தது 4 ஜி.பி. றாமும் 64 ஜி.பி. இடமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்று மைக்ரோசொப்ட் விதித்தது. 4 ஜி.பி.யில் ஓடும். ஆனால் மூன்று நான்கு வேலைகளைத் திறந்தால் மூச்சு வாங்கும். 8 ஜி.பி. இருந்தால் ஆறுதலாக ஓடும்.

அதைவிட முக்கியமானது வன்தட்டு. பழைய கணினிகளில் இருப்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தட்டு. எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகையில் சுழலும் பாகமே இல்லை. ஆகவே பல மடங்கு வேகமாக வாசிக்கும். நான் பார்த்த சங்கத்துக் கணினியில் றாம் 4 ஜி.பி., வைரஸ் காவல் இரண்டு, டிஸ்க் நாள் முழுவதும் 100 வீதம். காவல் ஒன்றை அகற்றினோம். எஸ்.எஸ்.டி. ஒன்றும் இன்னொரு 4 ஜி.பி. றாமும் வாங்கிப் போட்டோம். பழைய தட்டில் இருந்த அனைத்தையும் புதியதில் அப்படியே பிரதி செய்து, பழையதை ஒரு தகரப் பெட்டியில் வைத்தோம். புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. கடிதம் இப்போது உடனே திறக்கிறது.

கணினியின் விசிறியில் தூசி அடைந்திருந்தாலும் சூடேறி மந்தமாகும். எமது வெக்கைக்கும் உப்புக் காற்றுக்கும் இது கூடுதலாக நடக்கும். நிறுத்திவிட்டு, மின்சாரத்தைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் துடையுங்கள்.

8. புதியதற்கு ஏறாத கணினிகள்

விண்டோஸ் 10க்கான பொதுவான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. ஆகவே அதையே வைத்திருப்பதும் அதற்குத் திரும்புவதும் நீண்ட காலத் தீர்வல்ல. விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற கணினியில் அதைக் குறுக்கு வழியில் ஏற்றவும் வேண்டாம். லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளங்கள் பழைய கணினிகளில் நன்றாக இயங்கும். மாற்றுமுன் உங்கள் கணக்கு நிரலும் பிறின்ரரும் அதில் இயங்குமா என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 'உங்கள் கணினி மந்தமாக உள்ளது, இங்கே அழுத்துங்கள்' என்று திரையில் வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். அவற்றில் பல ஏமாற்று.

அன்று நாங்கள் திறந்து பார்த்த முதற் கோப்பு, கணவனை இழந்த ஒரு தாயின் காணி அனுமதிப்பத்திரத்தின் படம். மூலப்பத்திரம் அவரிடம் இல்லை. வேறு பிரதியும் எங்கும் இல்லை. கடைக்காரரின் சொற்படி போமற் செய்திருந்தால் அதுவும் இருந்திராது. தெரியாத பொருளைக் கண்டு பயந்து, அதைப் பற்றிய முடிவை இன்னொருவர் கையில் கொடுத்துவிடும் பழக்கத்தை நாம் விடவேண்டும். கேள்வி கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது சங்கத்தின் பத்திரப் பிரதிகள் இன்று எத்தனை இடங்களில் உள்ளன?
2. கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் எவை?
3. எமது கணினியின் றாம் எவ்வளவு? வன்தட்டு எந்த வகை? யார் பார்த்துச் சொல்வது?
4. இந்தப் படிகளைப் பழகிக்கொள்ள எமது இளைஞர்களில் எந்த இருவரைத் தெரிவு செய்யலாம்?