ஆறு மாசம் சக்கரத்து மேல குடித்தனமா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

நீயும் மாப்பிள்ளையும் மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்து ஆறு மாசம் ஐரோப்பா பக்கம் சுத்தப் போறீங்கன்னு எக்கியார்குப்பத்துல இருக்கிற அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அம்மா விசாவைப் பத்திக் கேக்கலை, செலவைப் பத்திக் கேக்கலை. "தண்ணிக்கு என்னா பண்ணுவாங்க?"ன்னாங்க. நானும் உன் மாமாவும் அப்படி சுத்தினவங்கங்கிறதால சொல்றேன், முதல்ல கேக்க வேண்டிய கேள்வி அதுதான்.

வாடகை வண்டியில நல்ல தண்ணி டேங்க் பெரும்பாலும் 100 லிட்டர் சுத்துவட்டம்தான். வீட்டுல குளிக்கிற மாதிரி ரெண்டு பேர் குளிச்சா மறுநாளே காத்துதான் வரும். நனை, ஷவரை மூடு, சோப்பு போடு, திற, அலசு, மூடு. தட்டை டிஷ்யூவால துடைச்சுட்டுக் கழுவு. உப்பளத்துப் பக்கம் குடத்தை வரிசையில வெச்சு நல்ல தண்ணிக்குக் காத்திருந்த நமக்கு இது பெரிய வித்தையே இல்லை. கஷ்டப்படப் போறது மாப்பிள்ளைதான்.

குடிக்கிற தண்ணிக்குத் தனி கேன் வெச்சுக்கோ. பிரான்ஸ்ல குழாய் மேல 'நோன் பொத்தாப்ல்'னு போட்டிருந்தா அது குடிக்க ஆகாத தண்ணி. டாய்லெட் பெட்டி கழுவுற இடத்துலயும் ஒரு குழாய் இருக்கும், உன் ஹோஸை அதுல மாட்டவே மாட்டாதே, முன்னாடி யார் என்னத்தை முக்கி எடுத்தாங்கன்னு தெரியாது. குழாய் வாய் ஊருக்கு ஊர் வேற அளவு, அதனால நாலஞ்சு கனெக்டர் கையில இருக்கணும்.

டேங்கை ரொப்பிக்கிட்டு ஓட்டாதீங்க. நூறு லிட்டர்னா நூறு கிலோ. சாதாரண கார் லைசென்ஸ்ல ஓட்டக்கூடிய வண்டிக்கு மொத்த எடை 3,500 கிலோதான், அதுல முக்கால்வாசிக்கு மேல வண்டியே எடுத்துக்கும். போலீஸ் நிறுத்தி எடை போட்டு அபராதம் போடறது நடக்கிற விஷயம். இங்கிருந்து போறவங்களுக்கு இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் வேணும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல 4ஏ படிவம், 1,000 ரூபாய் கட்டணம், ஒரு வருஷம் செல்லும். ரெண்டு பேர் பேர்லயும் எடு. அவர் ஒருத்தரே ஓட்டுவாருன்னு விட்டுட்டா மூணாவது வாரத்துல அவருக்கு முதுகு வலி, உனக்கு ஜன்னல் பக்கம் உக்காந்து சலிப்பு.

இப்போ யாரும் சொல்லாத சமாச்சாரம். டாய்லெட்டுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும், 20 லிட்டருக்குள்ள பிடிக்கும். ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை அதை உருவி, அதுக்குன்னு இருக்கிற இடத்துல கொட்டிக் கழுவணும். சாக்கடையிலயோ புதர்லயோ கொட்டினா அபராதம், அதைவிட அசிங்கம். இந்த வேலை யாருதுன்னு வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே பேசி முடி. எங்க வண்டியில சமையல் என்னுது, பெட்டி மாமாவுது. முதல் தடவை மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போன மனுஷன், அப்புறம் பக்கத்து வண்டிக்காரருக்கே சொல்லிக் கொடுத்தாரு.

சமையல்னதும் ஒண்ணு. ஊர் சுத்தப் போறேன்னு அடுப்படியைத் தூக்கிக்கிட்டுப் போகாதே. ரெண்டு பர்னர், மூணு லிட்டர் குக்கர், ஒரு கடாய் போதும். சாம்பாரும் பொரியலும் ரசமும் தினமும் வேணும்னு அவர் கேட்டா, ஒரு வேளை அவரையே செய்யச் சொல்லு. தாளிக்கிறப்போ மேல் ஜன்னலைத் திற, இல்லைன்னா புகை அலாரம் கத்தும், மெத்தை ஒரு வாரம் கடுகு வாசனை அடிக்கும். மிக்ஸியை கேம்ப் சைட் கரண்ட்ல ஓட்டலாம். சில இடத்துல 6 ஆம்பியர்தான் தருவாங்க, அதாவது 1,380 வாட். இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்துல வெச்சா டிரிப் ஆகும், ராத்திரி பத்து மணிக்கு மேனேஜரைத் தேடி ஓடணும்.

கேஸ் வாங்கும்போது புரொப்பேனான்னு கேட்டுக்கோ. பியூட்டேன் சுழியம் டிகிரிக்குக் கிட்ட போனாலே ஆவியாகாது, உருளை நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் தாங்கும். உருளையோட வாய் நாட்டுக்கு நாடு மாறும்கிறதால, வண்டியை வாடகைக்கு விடறவங்ககிட்டயே அடாப்டர் கேட்டு வாங்கிடு.

அம்மா கட்டாயம் மூட்டை கட்டுவாங்க. ஐரோப்பிய யூனியனுக்குள்ள வெளியில இருந்து இறைச்சியும் பாலும் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதுல சேரும், பால்கோவாவும். ஆனா மீன் ஒருத்தருக்கு 20 கிலோ வரைக்கும் விடுவாங்க, காய வெச்சதும் சேர்த்து. ஆக கருவாடு போகலாம்! ரெண்டு கவர்ல சுத்தி, மூடி இறுக்கமான டப்பால வை. பச்சைக் கறிவேப்பிலைக்கு சான்றிதழ் இல்லாம வழியில்லை. தேங்காய், வாழை, அன்னாசி, டுரியன், பேரீச்சை இந்த அஞ்சுக்குத்தான் சான்றிதழ் வேண்டாம். அதனால கறிவேப்பிலையைப் பொடி பண்ணி எடுத்துக்கோ.

ராத்திரி எங்க தங்கறதுங்கிறதுல பாதி சண்டை வரும். பிரான்ஸ்ல ஊராட்சியே மோட்டார் ஹோமுக்குன்னு இடம் விட்டிருக்கும், 'ஏர்'ம்பாங்க. ஜெர்மனியில 'ஷ்டெல்பிளாட்ஸ்'. ஸ்பெயின்ல வண்டியை நிறுத்தித் தூங்கறது ஒண்ணு, நாற்காலி போட்டுப் பந்தல் விரிக்கிறது வேற ஒண்ணு. ரெண்டாவது கேம்பிங் கணக்கு, அபராதம் வரும். போர்ச்சுகல்ல கடலோரப் பாதுகாப்புப் பகுதியில, அதுக்குன்னு அனுமதிச்ச இடம் தவிர, ராத்திரி தங்கக் கூடாது. மணி அஞ்சுக்குள்ள இடம் பிடிச்சுடு. இருட்டினதுக்கப்புறம் தேடற இடம் எதுவும் பிடிக்காது, கூட உக்காந்திருக்கிற ஆளையும் பிடிக்காது.

பிரான்ஸ் மேற்குக் கரையில கெராண்டுன்னு ஒரு ஊர் இருக்கு. அங்க மட்டும் ரெண்டு நாள் கூடத் தங்கு. நம்ம மரக்காணம் மாதிரியே பாத்தி பாத்தியா உப்பளம், நடுவுல வரப்பு, கொக்கு. இன்னும் கையாலதான் வாருறாங்க. மேல மிதக்கிற மெல்லிசு உப்பைத் தனியா வழிச்சு எடுத்து, 'ஃப்ளர் த செல்'னு சின்னச் சின்ன டப்பால நல்ல விலைக்கு விக்கிறாங்க. அந்தக் காலத்துல அங்கேயும் பொம்பளைங்கதான் உப்பைத் தலையில சுமந்திருக்காங்க. மழை வந்தா அங்க உப்பு வாருறவங்களுக்கும் பிழைப்பு நின்னுடும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் வாருற காலம். உப்பு வாருற பலகையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினேன், அங்க வாரிக்கிட்டிருந்த ஆளு வாயைப் பிளந்துட்டாரு. மொழி தெரியாத நாட்டுல எனக்கு அன்னைக்குக் கிடைச்ச மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. விலையைப் பாத்தப்போ மட்டும், நம்ம ஆளுங்களுக்கு மூட்டைக்கு என்ன கிடைக்குதுன்னு நெனைச்சு வயிறு எரிஞ்சுது.

கடலோரம் நிறுத்தினா, கிளம்பறப்போ வண்டி அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால அடிச்சுக் கழுவு. உப்புக் காத்து இரும்பை என்ன பண்ணும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி உயரத்தை மீட்டர்லயும் அடியிலயும் எழுதி ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டு. பிரிட்டன்ல பாலத்துல அடிக்கணக்கையும் போட்டிருப்பான், மூணு மீட்டர் வண்டியை மனக்கணக்கு போட்டு நுழைச்சுட முடியாது.

துணி அதிகம் வேண்டாம். பிரான்ஸ்ல சூப்பர் மார்க்கெட் வாசல்லயே 18 கிலோ மெஷின் நிக்கும், காசு போட்டுத் துவைக்கலாம். டர்க்கி டவலை விட்டுட்டு நம்மூரு ஈரிழைத் துண்டு நாலு எடு, ஒரு மணி நேரத்துல காயும்.

நாள் கணக்குல மட்டும் அசட்டையா இருக்காதே. ஷெங்கன் விசாவுல எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் உள்ள இருக்கலாம், நுழையற நாளும் கிளம்பற நாளும் சேர்த்து. 29 நாட்டுக்கும் ஒரே கணக்கு. பிரான்ஸ்ல இருந்து இத்தாலிக்குப் போனா புதுசா ஆரம்பிக்காது. 2025 அக்டோபர்ல இருந்து கைரேகையும் முகமும் பதிஞ்சு கம்ப்யூட்டரே எண்ண ஆரம்பிச்சிருக்கு. அதனால 90 நாளுக்குள்ள ஷெங்கன் நாடுகள்ல, மீதியை பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் கழிக்கிற மாதிரி திட்டம் போடுங்க, அதுக்கு விசா தனி. மொராக்கோ ஆசை இருந்தா வாடகை ஒப்பந்தத்தை முதல்ல படி, பல கம்பெனிங்க வண்டியை அங்க விடமாட்டாங்க. வெளியேறுற கப்பலைத் தொண்ணூறாவது நாளுக்குப் போடாதே, நாலஞ்சு நாள் முன்னாடியே போடு. புயலோ வேலைநிறுத்தமோ வந்தா அந்த நாலு நாள்தான் காப்பாத்தும். டிக்கெட் எடுத்ததும் தேதியை எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை எண்ணிப் பாக்கிறேன்.