மிஞ்சிய சோறும் மாட்டின் செரிமானமும்

கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கூடை கூடையாய்ப் பசுவுக்குக் கொட்டுவது புண்ணியமெனக் கருதும் அங்கத்தினர்கள், பின்வரும் சோதனையைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்.

1902-ஆம் ஆண்டில் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் அறிஞர் இருவர், நாயொன்றின் சிறுகுடற் பகுதியின் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலம் செலுத்தினர். நரம்புத் தொடர்பு அற்றிருந்தும் கணையம் நீரைச் சுரந்தது! குடற்சுவரினின்று இரத்தத்தில் கலந்து சென்ற ஒரு பொருளே கணையத்தை ஏவிற்று. அதற்குச் ‘செக்ரிட்டின்’ எனப் பெயரிட்டனர். (ஹார்மோன் என்னும் சொல் வழங்கலானது 1905-இல்தான்.) மாட்டிலும் இவ்வாறே இரைப்பைப் புளிப்பைக் கணைய நீரின் காரம் தணிக்கின்றது.

ஆனால் இத்தூதுவனின் ஆட்சி சிறுகுடலில்தான். அதற்கு முன்னுள்ள பெருவயிற்றிலோ செரிமானச் சுரப்பியே கிடையாது. நுண்ணுயிர்களே அங்கே தீனியை நொதிக்கச் செய்கின்றன. திடீரெனச் சோறு மிகுந்தால் புளிப்பும் கடுமையாய் மிகும். அதைத் தணிப்பது பெரிதும் உமிழ்நீரே. வளர்ந்த பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேலும் அதைச் சுரக்கக்கூடும். எனினும் வைக்கோலை மென்று அசைபோட்டால்தான் அது நன்கு ஊறும். சோற்றையோ மாடு மெல்லாமலே விழுங்கிவிடுகிறது.

ஆகவே வைக்கோலைக் குறைக்காதீர்கள். புதுத் தீனியைச் சிறிது சிறிதாகவே பழக்குங்கள். சோறு தின்ற மாடு அசைபோடாமல் சோர்ந்து கிடந்தால், கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காது கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.