மலைச் சைக்கிளின் பின் ஷொக்: வீட்டு முற்றத்தில் ஒரு பௌதிகவியல் பாடம்

சென்ற டிசம்பர் விடுமுறையில் நாநா பழைய மௌண்டன் பைக் ஒன்றை வாங்கி வந்தார். முன்னால் மட்டுமல்லாது பின்னாலும் ஷொக் பொருத்திய சைக்கிள் அது. மூன்றாம் நாள், பண்டாரவளைக்கு அருகே எங்கள் வீட்டுக்கு மேலாகச் செல்லும் தேயிலைத் தோட்டப் பாதையில் இறங்கும்போது, கருங்கல் பாவிய வளைவொன்றில் சைக்கிளின் பின்பக்கம் துள்ளி அவரைத் தூக்கி எறிந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை பிளாஸ்டர்.

"இந்தச் சைக்கிள் இனி ஊட்டுல இருக்கப்படாது. வித்துப்போடுங்க" என்றார் உம்மா. வாப்பா ஒன்றும் பேசவில்லை.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கிறேன். சைக்கிளைப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. டயரும் புதிது. அப்படியானால் ஏன் துள்ளியது? அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன். இது போன்ற சைக்கிள் உங்கள் வீட்டில் இல்லாவிடினும், நாம் வகுப்பில் படிக்கும் மூன்று நான்கு விதிகள் ஒரே கருவியில் வேலை செய்வதைக் காணலாம்.

ஷொக்கின் உள்ளே

பின் ஷொக் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வில்லின் வேலை. சில ஷொக்குகளில் உருக்கு விற்சுருள் இருக்கும். நாநாவின் சைக்கிளில் இருப்பதைப் போன்றவற்றில் அடைக்கப்பட்ட காற்றே வில். சில்லு கல்லில் ஏறும்போது காற்று அமுங்கிச் சக்தியைச் சேமிக்கும்.

சேமித்த சக்தி அப்படியே திரும்பி வந்தால் சைக்கிள் பந்துபோலத் துள்ளும். அதைத் தடுப்பது இரண்டாவது வேலை. ஷொக்கின் உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெய்க்குள் அசைகிறது. எண்ணெய் சிறு துவாரங்களினூடாக நெருக்கிச் செல்லும்போது அதன் பிசுக்குமையால் சக்தி வெப்பமாகிறது. தணித்த அலைவு என்று நாம் படிப்பது இதுதான். நீண்ட இறக்கம் ஒன்றின் முடிவில் ஷொக்கைத் தொட்டால் அது சூடாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

முதற்படி: அமர்வை அளத்தல்

ஆள் ஏறி அமர்ந்ததும் ஷொக் சற்று அமுங்க வேண்டும். இந்த அளவை அமர்வு என்று அழைப்போம். ஏன் அமுங்க வேண்டும்? பாதையில் மேடுகள் மட்டுமல்ல, குழிகளும் உண்டு. முன்கூட்டியே சிறிது அமுங்கியிருந்தால்தான் குழி வரும்போது ஷொக் நீண்டு, சில்லு நிலத்தோடு ஒட்டியிருக்கும். சில்லு நிலத்தை விட்டால் பிரேக்கும் பயன்படாது, திருப்பவும் முடியாது.

மலைப்பாதைச் சைக்கிள்களுக்குப் பொதுவாக ஷொக்கின் முழு அசைவில் 25 முதல் 30 வீதம் வரை அமர்வு வைப்பார்கள். நாநாவின் சைக்கிளில் பின்சில்லு 130 மி.மீ. எழும்பும்போது ஷொக் 50 மி.மீ. மாத்திரமே அமுங்கும். ஆகவே 30 வீதம் என்பது 15 மி.மீ. ஆகும்.

அளக்கும் முறை இது:

1. ஷொக்கின் பக்கத்திலுள்ள நெம்பைத் திறந்த நிலைக்குத் திருப்ப வேண்டும்.
2. ஷொக்கின் தண்டில் உள்ள சிறிய றப்பர் வளையத்தை அது உள்ளே செல்லும் வாய் வரை தள்ளி வைக்க வேண்டும்.
3. ஹெல்மட், பை, சப்பாத்து என ஓட்டும்போது அணியும் எல்லாவற்றோடும் சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஏறி அமர வேண்டும். பாதங்கள் இரண்டும் பெடல்களில் இருக்க வேண்டும்.
4. குலுக்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது என்று அடிமட்டத்தால் அளக்க வேண்டும்.

பிளாஸ்டர் கழற்றும்வரை நாநா சைக்கிளைத் தொடக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. எனவே நானே ஏறி அமர்ந்தேன். என் நிறை 48 கிலோ. வளையம் 7 மி.மீ. மட்டுமே நகர்ந்தது. நாநாவின் நண்பரிடம் இரவல் வாங்கிய ஷொக் பம்பைப் பொருத்திப் பார்த்தோம். மானி 210 காட்டியது. அதாவது சதுர அங்குலத்துக்கு 210 இறாத்தல். முன்பு வைத்திருந்தவர் 90 கிலோவுக்கு மேற்பட்டவர் என நாநா பிறகு கேட்டறிந்தார். அவருக்கு அது சரியாகவே இருந்திருக்கும்.

காற்றைக் கூட்டிக் குறைத்தல்

இதற்குச் சாதாரண டயர் பம்ப் உதவாது. ஷொக்கினுள் காற்றின் கனவளவு மிகச் சிறியது, அமுக்கம் மிக அதிகம். சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் ஷொக்குக்கென்றே செய்த பம்ப் வேண்டும். ஓட்டுபவரின் நிறை எத்தனை இறாத்தலோ, ஏறத்தாழ அந்த எண்ணிலிருந்து தொடங்குவது வழக்கம். பின்னர் அமர்வை அளந்து திருத்த வேண்டும். அமுக்கத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் சீற்றை மெதுவாகப் பத்துத் தடவை அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் ஷொக்கினுள் இருக்கும் இரு காற்றறைகளும் சமநிலைக்கு வரும்.

பம்பைக் கழற்றும்போது 'ஸ்ஸ்' என்று கேட்டது. காற்றெல்லாம் போய்விட்டது என்று பயந்தேன். அது பம்பின் குழாயில் இருந்த காற்று மட்டுமே. அதேபோல் மீண்டும் பம்பைப் பொருத்தினால் மானி சற்றுக் குறைத்துக் காட்டும். ஷொக்கின் காற்றில் ஒரு பகுதி குழாயை நிரப்புவதே காரணம். ஷொக் ஒழுகுகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

என் நிறை 106 இறாத்தல். 105இல் தொடங்கினேன். அமர்வு 16 மி.மீ. 110இல் 15 மி.மீ. வெற்றி என்று நினைத்தேன். பிளாஸ்டர் கழற்றிய பின் நாநா அதே 110இல் ஏறி அமர்ந்தார். அவரும் பையும் ஹெல்மட்டும் சேர்ந்து 65 கிலோ. வளையம் 20 மி.மீ. நகர்ந்தது. அது 40 வீதம். எனக்குச் சரியானது அவருக்கு மிகவும் மென்மை. 140க்கு ஏற்றினோம், 16 மி.மீ. 145இல் 15 மி.மீ. கிடைத்தது.

இரண்டாம் படி: மீளும் வேகம்

ஷொக்கின் ஒரு முனையில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஒரு குமிழ் இருக்கும். அமுங்கிய ஷொக் எவ்வளவு வேகமாக நீள வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஆமைப் படத்தின் பக்கம் திருப்பினால் மெதுவாகவும், முயல் படத்தின் பக்கம் திருப்பினால் வேகமாகவும் மீளும். அமுக்கம் கூடினால் மீளும் விசையும் கூடும். எனவே அமர்வைச் சரிசெய்த பின்னரே இந்தக் குமிழைத் தொட வேண்டும்.

மிக மெதுவாக வைத்தால், ஒரு கல்லிலிருந்து மீள்வதற்குள் அடுத்த கல் வந்துவிடும். ஷொக் மேலும் மேலும் அமுங்கிக் கடைசியில் விறைத்துப்போகும். மிக வேகமாக வைத்தால் சைக்கிளின் பின்பக்கம் உதைக்கும்.

நாநாவின் சைக்கிளில் குமிழ் முயல் பக்கத்தின் கடைசியில் இருந்தது. அதைக் கண்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குக் கூடிய அமுக்கமும், தடையே இல்லாத மீளலும் சேர்ந்து அன்று அவரை எறிந்திருக்கின்றன.

சரியான இடத்தைக் கண்டறிய இலகுவான சோதனை ஒன்று உண்டு. சீற்றில் அமர்ந்தபடியே ஒரு சிறு படியிலிருந்து மெதுவாக இறங்க வேண்டும். பின்பக்கம் அமுங்கி, மீண்டு, ஒரே ஒரு தடவை இலேசாக அசைந்து நின்றுவிட்டால் போதும். இரண்டு மூன்று தடவை ஆடினால் ஆமைப் பக்கம் திருப்ப வேண்டும். எங்கள் முன்வாசல் படியில் இதைச் செய்தோம். குமிழை முழுதாக மூடிய நிலையிலிருந்து ஏழு 'கிளிக்' திறந்தபோது சரியாக நின்றது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமற் போய்விடும்.

ஏனைய விடயங்கள்

நீல நிற நெம்பு ஷொக் அமுங்குவதைத் தடுக்கிறது. ஏற்றத்தில் மூடினால், மிதிக்கும் சக்தி ஷொக்கை ஆட்டுவதில் வீணாகாது. இறக்கத்துக்கு முன் திறக்க மறந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் றப்பர் வளையத்தைப் பார்க்கலாம். ஷொக் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டும். அமர்வு சரியாக இருந்தும் அடிக்கடி கடைசிவரை சென்று இடித்தால், காற்றறையினுள் சிறு பிளாஸ்ரிக் துண்டு வைத்துக் கனவளவைக் குறைப்பார்கள். இங்கே பொயிலின் விதி வருகிறது. மானி 145 காட்டினால், வளிமண்டல அமுக்கத்தை 15 என எடுத்துக்கொண்டு தனி அமுக்கம் 160. கனவளவு பாதியானால் அது 320. அறை சிறிதாக இருந்தால் இந்த ஏற்றம் இன்னும் விரைவாக நிகழும். கடைசிப் பகுதி கடினமாகி இடி தடுக்கப்படும்.

மலைநாட்டில் வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. நண்பகல் 27 பாகை, அதாவது 300 கெல்வின். அதிகாலை 15 பாகை என்றால் 288 கெல்வின். 160 என்ற தனி அமுக்கம் ஏறத்தாழ 6 இறாத்தல் குறையும். ஆகவே ஓடப்போகும் வேளையிலேயே அளப்பது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். ஷொக்கின் உடலில் அல்லது கைநூலில் குறித்துள்ள உச்ச அமுக்கத்தைத் தாண்டக் கூடாது. ஷொக்கை வீட்டில் கழற்றித் திறக்கவும் கூடாது. உள்ளே உயர் அமுக்கத்தில் வாயு இருக்கும். அது பயிற்சி பெற்றவரின் வேலை.

உம்மாவின் கேள்வி

படிச் சோதனையை உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்குச் சரியெண்டா இவன் இனி விழமாட்டானா மகள்?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் உண்மை அதுவல்ல. "ஷொக் உதைக்காது உம்மா. ஆனா வேகமாப் போனா விழலாம்" என்றேன். நாநா தலையைக் குனிந்துகொண்டார். அன்று வேகமும் கூடுதல்தான் என்று அப்போதுதான் முதன்முறையாக ஒப்புக்கொண்டார். உம்மா அதிக நேரம் பேசாமல் நின்றார். பிறகு, கையுறை, ஹெல்மட், மெதுவான இறக்கம், ஒவ்வொரு கிழமையும் தங்கச்சி அளந்து பார்ப்பது என்ற நிபந்தனைகளோடு சைக்கிள் வீட்டில் தங்கியது.

என் கொப்பியின் அந்தப் பக்கத்தைப் பிரதிசெய்து நாநாவின் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். என்றாவது இந்தச் சைக்கிளை விற்றால், வாங்குபவருக்கு அந்தத் தாளையும் கொடுப்போம். அதன் தலைப்பில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்: "இவை 65 கிலோ நிறைக்கு மட்டும். உங்களுக்காகத் திரும்ப அளந்துகொள்ளுங்கள்."