ஒரு பூங்காவைக் கட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சி

ஒரே கதையை வாரந்தோறும் வளர்த்துச் சொல்வது தொடர் நாடகம். ஒவ்வொரு வாரமும் கதையும் பாத்திரங்களும் மாற, நிகழ்ச்சியின் பெயரும் நேரமும் மட்டும் மாறாதிருந்தால் அது தொகுப்பு நிகழ்ச்சி. குடும்பமாக அமர்ந்து பார்க்கப்பட்ட தொகுப்பு நிகழ்ச்சிகளில் பெரும் புகழ் பெற்றது, அமெரிக்காவில் 1954 ஒக்டோபர் 27 அன்று ஆரம்பமான ‘டிஸ்னிலாண்ட்’ ஆகும். உயர்தரத்தில் ஊடகக் கற்கை பயிலும் என்னை அதன் கதைகளைவிட அதன் கணக்கு வழக்கே அதிகம் கவர்ந்தது.

திரைப்படத் தயாரிப்பாளரான வோல்ட் டிஸ்னி அப்போது கலிபோர்னியாவில் ஒரு பெரும் பொழுதுபோக்குப் பூங்காவைக் கட்ட விரும்பினார். கையில் போதிய பணம் இல்லை. ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கோ மற்றைய பெரிய நிறுவனங்களுடன் போட்டியிட நல்ல நிகழ்ச்சிகள் இல்லை. இருவரும் உடன்பட்டனர். ஏ.பி.சி. 5 இலட்சம் டொலரை முதலிட்டு, 45 இலட்சம் டொலர் வரையான கடனுக்குப் பிணை நின்றது. பதிலுக்கு வாராந்த நிகழ்ச்சியையும், பூங்காவில் மூன்றிலொன்றுக்குச் சற்றுக் கூடிய பங்கையும் பெற்றது.

பூங்காவுக்கும் நிகழ்ச்சிக்கும் ஒரே பெயர். பூங்காவில் இருக்கப்போகும் கற்பனை உலகு, சாகச உலகு, எல்லைப்புற உலகு, நாளைய உலகு என்பவையே நிகழ்ச்சியின் நான்கு பிரிவுகளாகவும் அமைந்தன. 1955 ஜூலை 17 அன்று பூங்கா திறக்கப்பட்டபோது, பிள்ளைகள் ஏற்கெனவே அதன் நிலப்படத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள் என்றே சொல்லலாம். 1954 டிசம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதி, அடுத்து வெளிவரவிருந்த டிஸ்னியின் கடலடித் திரைப்படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் காட்டியது. அதற்கு எம்மி விருதும் கிடைத்தது! சோப்பு விளம்பரம் வந்தால் எங்கள் உம்மா எழும்பிச் சமையலறைக்குப் போய்விடுவார். இங்கே நிகழ்ச்சியே விளம்பரமாக இருக்கும்போது எப்போது எழும்புவது?

டேவி குரோக்கெட் என்ற எல்லைப்புற வீரனின் கதை மூன்றே பகுதிகளாக 1954 டிசம்பருக்கும் 1955 பெப்ரவரிக்கும் இடையில் வந்தது. அவன் அணிந்த ரக்கூன் தோல் தொப்பியை வாங்கித் தரும்படி நாடெங்கும் சிறுவர்கள் பெற்றோரை நச்சரித்தனர். முதற் பகுதியின் தலைப்பே அவனைச் செவ்விந்தியருடன் போரிடுபவனாக அறிமுகப்படுத்தியது. தொப்பி அணிந்த சிறுவர்கள் யாரை எதிரியாக வைத்து விளையாடியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஆயினும் இதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 1955 மார்ச்சில் வந்த ‘விண்வெளியில் மனிதன்’ என்ற பகுதி ரொக்கெட்டின் இயக்கத்தையும் எடையற்ற நிலையையும் சித்திரங்களால் விளக்கியது. முதலாவது செய்மதி விண்ணுக்குச் சென்றது 1957 ஒக்டோபரில்தான். ஆனால் அதில் கனிவான ஆசிரியர் போலத் தோன்றிய வெர்னர் வொன் பிரவுன், ஹிட்லரின் ஜேர்மனிக்கு வீ-2 ரொக்கெட்டுகளை உருவாக்கியவர். பாடத்தைப் படிக்கும்போது ஆசிரியரையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

1961இல் நிகழ்ச்சி என்.பி.சி.க்கு மாறி, ‘வர்ணங்களின் அற்புத உலகம்’ எனப் பெயர் பெற்றது. என்.பி.சி.யின் உரிமையாளரான ஆர்.சி.ஏ. நிறுவனம் வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரித்தது. அந்நாளில் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. ஞாயிறு மாலைகளில் அந்த வர்ண உலகத்தைச் சாம்பல் நிறத்தில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், பக்கத்தில் அமர்ந்திருந்த தந்தையிடம் என்ன கேட்டிருப்பார்கள்?